மலையிலிருந்து ஜெர்மனிக்கு ஒரே ஒரு செமஸ்டர்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து எக்ஸ்சேஞ்சில் (மாணவர் பரிமாற்றத் திட்டத்தில்) ஜெர்மனி கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விசா இரண்டாவது தலைவலி. முதல் தலைவலி கல்லூரிக் காலண்டர்.

அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். கோடை செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் ஜூலையோடு சரி. நம் ஊரில் ஜூன், ஜூலையில் ஆரம்பித்து நவம்பரில் தேர்வு, டிசம்பரில் அடுத்த செமஸ்டர். ஆக, எப்போது போனாலும் இங்கே இரண்டு செமஸ்டரில் கைவைக்கும். அக்டோபரில் போனால் நவம்பர்த் தேர்வு போச்சு; திரும்பி வரும்போது அடுத்த செமஸ்டரும் பாதிக்கு மேல் ஓடியிருக்கும், அட்டெண்டன்ஸ் தேறாது. ஏப்ரலில் போனால் ஒரு தேர்வு மட்டும் தள்ளிப்போகும், ஆகஸ்டில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். எங்களைக் கேட்டால் கோடை செமஸ்டர்தான்.

விடுபடும் தேர்வை எப்போது எழுதலாம், அங்கே படித்த பாடத்தை எதற்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள் என்ற இரண்டையும் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். துறைத் தலைவர் "பார்த்துக்கலாம்ப்பா" என்பது போதாது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கடிதம். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் கடிதம்.

பாடப் பட்டியலுக்கான லேர்னிங் அக்ரிமெண்டில் மாணவர், இந்தக் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என மூன்று கையெழுத்து வேண்டும். முழு செமஸ்டர் என்றால் 30 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பிய கிரெடிட் புள்ளிகள். ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. போய் இறங்கியபின் ஏதாவது ஒரு பாடம் ரத்தாகும், அல்லது இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதும். அதனால் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

பாஸ்போர்ட்டுக்கு நீலகிரி மாவட்டம் கோவை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. மார்க் ஷீட்டில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயரும் இருப்பது நம்மிடையே சகஜம். இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு, அட்மிஷன் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பெயர் கொடுங்கள். எங்காவது ஒரு இடத்தில் இனிஷியலை முன்னால் போட்டுவிட்டால் அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விசாவுக்கான பிளாக்டு அக்கவுண்டில் (செலவுப் பணத்தை முன்பே போட்டுவைத்து, மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் கணக்கு) மாதத்துக்கு 992 யூரோ காட்ட வேண்டும்; 2024 செப்டம்பர் முதல் இதுதான் கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. உதவித்தொகை இருந்தால் அதற்குத் தகுந்தாற்போல் குறையும். படிப்புக்காக நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் அனுப்பினால் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள் என்பதால் ஒரு செமஸ்டருக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஏ2 படிவம் கொடுத்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வேலையை மலையில் உள்ள சின்னக் கிளைகள் பல நேரடியாகச் செய்வதில்லை, கோவைக்குத்தான் அனுப்பிவைக்கும். அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

விசாவுக்கு நேரில் போக வேண்டியது சென்னைக்கு. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. மழை மாதங்களில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டிவரும். சீசனாக இருந்தால் ஒருவழிப் பாதை வேறு. அப்பாயின்ட்மென்டுக்கு முந்தைய நாளே மலையிறங்கிவிடுவது நல்லது. விமானத்துக்கும் இதே விதிதான்.

மூட்டை கட்டும்போது அம்மாக்கள் முதலில் வைப்பது நெய். அதை எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. ஊட்டி வர்க்கி, சாக்லேட், தேயிலைத்தூள் தாராளமாகப் போகும். தேன் 2 கிலோ வரை.

இறங்கியதும் எதற்குப் பின் எது என்பதுதான் முக்கியம். வீட்டுக்காரரிடம் குடியிருப்புச் சான்று வாங்கி, குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் ஆன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவு. பிறகு அங்கே வங்கிக் கணக்கு. அதற்குப் பிறகுதான் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் வரத் தொடங்கும். அதுவரைக்கும் சாப்பாடு, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் கைப்பணம். அட்வான்ஸே மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். முகவரி பதிந்த கொஞ்ச நாளில் பொது டிவி, ரேடியோவுக்கான ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். கூடத் தங்கியிருப்பவர் கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

குளிர் நமக்குப் புதுசா என்று நினைத்துப் போகிறவர்கள் வீட்டுக்குள்தான் தடுமாறுகிறார்கள். ஊட்டியில் வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர்தான். அங்கே உள்ளே 20 டிகிரி. ஹீட்டர் திருகில் 3 என்ற எண் ஏறத்தாழ அந்தச் சூட்டுக்கு. தடித்த ஸ்வெட்டர் இரண்டை விட, மெல்லிய துணி மூன்றும் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்றும் உதவும். ரசம் கொதித்த ஆவி, குளித்த ஆவி எல்லாம் ஜன்னல் ஓரத்தில் நீராக இறங்கி, சில வாரத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அட்வான்ஸில் கழிப்பார்கள். ஜன்னலை லேசாகச் சாய்த்து வைப்பதால் பயனில்லை. தினம் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், ஹீட்டரை அணைத்துவிட்டு அகலத் திறக்க வேண்டும்.

வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் தேர்வு எழுத முடியாது; தேர்வுக்குத் தனிப் பதிவு உண்டு. பல இடங்களில் கெடு செமஸ்டர் நடுவிலேயே முடிந்துவிடும். மதிப்பெண்ணில் 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். 1.3 என்பதைப் பார்த்து இங்கே அலுவலகத்தில் பத்துக்கு 1.3 என்று பதிந்துவிடும் ஆபத்து நிஜமாகவே உண்டு. டிரான்ஸ்கிரிப்டுடன் மதிப்பெண் முறை விளக்கத்தையும் அதே பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வர ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நகர அலுவலகத்தில் முகவரி நீக்கத்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்துதான் பதியவிடுவார்கள். அந்தச் சான்று இல்லாமல் வந்தால் ஒளிபரப்புக் கட்டணமும் இன்சூரன்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும்.