யானை பேட்ஜ்

இன்னைக்கு பெரியப்பா டிரங்க் பெட்டிய திறந்து முத்தத்துல வெயில் காய வச்சிருந்தாவ, துணிமணிக்கு நடுவுல ஒரு பழைய துணி பேட்ஜ், யானை படம் போட்டது.

"நெல்லையப்பர் கோயில்ல வாங்குனதா பெரியப்பா?" சத்தமாத்தான் கேட்கணும், டாங்கி இரைச்சல்ல வருசக்கணக்கா இருந்த காது.

"இல்லல, இது எங்க டிவிஷன் யானை."

இந்திய ராணுவத்தோட 1வது கவச டிவிஷன், டாங்கிப் படை. 1940ல ஆரம்பிச்சது, நடுவுல 31ன்னு பேரு மாறி 1945ல திரும்ப 1 ஆயிருக்கு. 1948ல ஹைதராபாத்த இந்தியாவோட சேர்க்க போனதும் இந்த டிவிஷன்தான். இதெல்லாம் மடமடன்னு சொல்லிட்டாவ.

1965 பாகிஸ்தான் சண்டைன்னு வந்ததும் குரலே மாறிட்டு.

செப்டம்பர் 8 சியால்கோட் பக்கம் எல்லை தாண்டி, 11ம் தேதி பில்லோராங்கற ஊர பிடிச்சிருக்காங்க. சென்சூரியன் டாங்கி, 50 டன் கனம், உள்ள நாலே பேரு, டிரைவருக்கு உக்கார இவ்வளவுதான் இடம்னு ரெண்டு கையயும் ஒடுக்கி காமிச்சாவ, அந்த கை கீழ இறங்கவே இல்ல ரொம்ப நேரம்.

அந்த டிவிஷன்ல பூனா ஹார்ஸ்ங்கற டாங்கி ரெஜிமென்ட் கமாண்டர் தாராபூர், காயம் பட்டும் ஆஸ்பத்திரிக்கு போக மாட்டேன்னுட்டு டாங்கிலயே நின்னு சண்டை போட்டவரு, 16ம் தேதி உயிர விட்டுட்டாரு. போர்ல குடுக்குறதுலயே பெரிய விருது, பரம்வீர் சக்ரா குடுத்தாங்க. அவரு பேரு புத்தகத்துல இருக்கு, இருக்கணும். ஆனா தாமிரபரணியில குளிச்சு வளந்து, பஞ்சாப் புழுதியில டாங்கி ஓட்டுன எங்க ஊரு பயலுவ பேரெல்லாம் இந்த மாதிரி டிரங்க் பெட்டிலதான் கெடக்கு.

பெரியம்மா வந்து, "வெயில் தாழ்ந்துட்டு, எடுத்து வையுங்க"ன்னாவ.

பேட்ஜ மட்டும் பெட்டிக்குள்ள வைக்கல. சட்டைப் பையில போட்டுக்கிட்டாவ.