நியூசிலாந்து, தெற்குத் தீவு, ஜனவரி

ஜனவரி 5, கிரைஸ்ட்சர்ச்

இந்த விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைவிட ஷூவைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். காட்டில் நடந்த ஷூ, கூடாரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். மறைத்தால் நின்ற இடத்திலேயே 400 டாலர் அபராதம். பிரபுவின் கூடார முளைகளில் கொடைக்கானல் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். சித்ராவின் பருப்புப்பொடியை அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்து, முளைக்கிற விதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வறுத்தது, அரைத்தது என்று சித்ரா கையால் சுற்றிக் காட்டினாள். விட்டுவிட்டார்கள். சாதிக்கின் தேன் பாட்டில் மட்டும் போச்சு. "நாக்குல ஒரு சொட்டு விட்டுட்டுத் தரேன்னேன், அதுக்கும் முடியாதுன்னுட்டாங்க" என்று ராத்திரி வரை புலம்பினான்.

அக்கா வரிசையாகப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். கோவில்பட்டி வீட்டுப் பரண் காலியாகிறது.

ஜனவரி 6

நாள் முழுக்க பஸ். செம்மறி, ஏரி, செம்மறி.

ஜனவரி 7, டெ அனாவ்

ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஏரிக்கரையில் ஒரு பறவைக் காப்பகம், டிக்கெட் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் டாகஹே. நம் ஊர்க் குளத்தில் இருக்கும் நீலத் தாழைக்கோழியின் குடும்பம்தான். ஆனால் அதைப் பத்து மடங்கு தின்னவைத்து, பறப்பதையும் மறக்கடித்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு புல் தண்டைக் காலால் பிடித்து நிமிர்த்தி, அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதியை மட்டும் கடித்துவிட்டு மீதியைக் கீழே போட்டது. அடுத்த தண்டு. மறுபடி அதே. இந்த இனம் அழிந்தேபோனது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, 1948இல் ஆர்பெல் என்ற டாக்டர் இதோ இந்த ஏரிக்கு எதிர்ப்பக்கத்து மலைகளில் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே அவர் அந்தப் பக்கம் விடாமல் தேடிக்கொண்டிருந்தவராம். எல்லோரும் போய்விட்டது என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பது. சரி.

அம்மா போனில் பேசவில்லை. தலைவலி என்று அக்கா சொன்னாள்.

ஜனவரி 8

மில்ஃபோர்டு சவுண்டு, மலைகளுக்குள் நுழைந்த கடல். மழை.

ஹோமர் சுரங்கப்பாதை ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம். மலையைக் குடைந்துவிட்டு அப்படியே விட்ட மாதிரி, பாறை பாறையாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் பாறைச்சுவர் முழுக்க அருவி. நேற்று இந்த அருவிகளில் பாதி கிடையாது, நாளை இருக்காது என்றார் பஸ் ஓட்டுநர். மழை விட்டால் சில மணி நேரத்தில் காணாமல் போய்விடுமாம். இங்கே ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கும் மேல் மழை. மில்லிமீட்டர் இல்லை, மீட்டர். அப்பா பார்த்திருந்தால் நோட்டு போதாது. கோவில்பட்டியில் ஐப்பசியில் நாலு தூறல் விழுந்தாலே "மாலை மழை, பின்கட்டில் ஒழுகல்" என்று தனிவரியாக எழுதுகிறவர்.

படகுத்துறையில் மணல் ஈ. பார்த்தால் பழ ஈ அளவுக்குக்கூட இல்லை, கடித்தால் ஒரு வாரம் சொறியவேண்டும். மனிதர்கள் இந்த அழகைப் பார்த்து இங்கேயே தங்கிவிடக் கூடாது என்று மரணத் தெய்வமான ஹினெ-நூயி-டெ-போ இவற்றை அவிழ்த்துவிட்டாள் என்று இங்கத்துப் பூர்வகுடி மாவோரிகளின் கதை. கடிப்பது பெண் ஈ மட்டும்தான் என்று பிரபு வாசித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தான். சித்ரா பதிலே சொல்லவில்லை, மருந்து பாட்டிலை அவன் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 9

அக்கா: "நோட்டையெல்லாம் என்ன பண்ண?" எந்த நோட்டு என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

ஜனவரி 10

நாளை கெப்ளர் மலைநடைப் பாதையில் ஏறுகிறோம். மூட்டையைப் பிரித்துப் பிரித்துக் கட்டியதில் விடுதி அறையே சந்தைக்கடை. அடுப்பு கொண்டுபோகவேண்டியதில்லை, கோடைக்காலத்தில் குடில்களில் எரிவாயு அடுப்பு உண்டு. பாத்திரம், தட்டு, தூங்கும் பை நம்முடையது. குப்பையும் நம்முடையது, மேலே தொட்டி கிடையாது, பிஸ்கட் உறைகூட முதுகில் ஏறித் திரும்பி வரவேண்டும்.

சித்ரா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து "இது வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டாவது டீஷர்ட் வேணுமா. சீப்பு வேணுமா. இந்தக் கேள்வியை இந்த வாரம் என்னிடம் யாரும் கேட்கக் கூடாது என்று கத்திவிட்டேன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சாதிக் போய் மீன் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான்.

பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தானே வந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதானே இருந்தேன்.

ஜனவரி 11, லக்ஸ்மோர் குடில்

அணைக்கதவு இருக்கும் இடத்திலிருந்து 13.8 கி.மீ. ஏரியோரம் தட்டையாகப் போய், பிராட் பே தாண்டியதும் ஏற்றம். பீச் என்கிற மரங்களின் காடு, கிளையெல்லாம் பாசி, தரையெல்லாம் பாசி, நம் குரலே நமக்குத் திரும்ப வராது. சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒன்றின் அடியில் சாப்பிட்டோம். அதற்குமேல் இன்னும் ஏற்றம். பிறகு ஒரு திருப்பத்தில் மரமே இல்லை. கடைசி மரம், அடுத்த அடி வெறும் புல். பழுப்பு மஞ்சளாக, காற்றுக்கு மொத்தமாகச் சாய்ந்து எழுகிற டஸக் புல். கீழே டெ அனாவ் ஏரி, அதன் விரல்கள் மலைக்குள்.

முழங்கால் பரவாயில்லை.

டிசம்பரில் இந்த 60 கி.மீ. சுற்று முழுவதையும் ஓட்டப்பந்தயமாக ஓடுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் உண்டு. பிரபு இதை ஏற்றத்தின் நடுவில் சொல்லியிருக்க வேண்டாம்.

குடிலின் வெளிமேடையில் கியா என்கிற மலைக்கிளி ஒன்று வந்தது. ஆலிவ் பச்சை, இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு வரைந்த மாதிரி. இறக்கையைத் தூக்கினால் அடியில் தீ நிறம். பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்து, சாதிக்கின் பையில் ஜிப் இழுவையைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. மறுபடி ஜிப்பைப் பார்த்தது. மேல்அலகின் கொக்கியை வளையத்துக்குள் நுழைத்து இழுத்தது. திறந்துகொண்டது. அதுவே ஒரு கணம் திகைத்த மாதிரி இருந்தது. நாங்கள் நாலு பேரும் அசையாமல் நின்றோம், சாதிக்குக்குக்கூட விரட்ட மனமில்லை. இதன் அலகுக்குத்தான் ஒரு காலத்தில் காசு கொடுத்தார்கள். ஆட்டின் முதுகைக் கொத்துகிறது என்று 1860களிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் தலைக்கு விலை. ஒன்றரை லட்சம் பறவை அப்படிப் போனது. முழுப் பாதுகாப்பு 1986இல்தான். இப்போது சில ஆயிரங்கள் மிச்சம். ஷூவை உள்ளே எடுத்து வையுங்கள் என்று குடில் காவலர் மாலைப் பேச்சில் சொன்னார், சிரிக்காமல்.

இருட்டுவதற்கு முன் மேடையின் ஓரத்தில் ஒரே ஒரு கோடு சிக்னல். அக்கா: "போகிக்குப் போட்டுரட்டுமா. தை பிறந்ததும் சாவி கொடுக்கணும். நாளைக்குள்ள சொல்லு." வை, எல்லாத்தையும் வை என்று அடித்தேன். போகவில்லை. கடிகாரக் குறி அப்படியே நின்றது. போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றினேன். ஒரு ஜெர்மன் தாத்தா என்னைப் பார்த்துவிட்டுத் தானும் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்.

ஜனவரி 12, ஐரிஸ் பர்ன்

காலையில் காவலர் பலகையில் காற்றின் வேகத்தை எழுதிவிட்டு, பத்து மணி வரை யாரும் கிளம்பாதீர்கள் என்றார். மலைமுகட்டில் காற்று ஆளைத் தள்ளிவிடுமாம். காத்திருந்தோம். கடிகாரக் குறியும்.

பிறகு முகடு. 1,472 மீட்டர் லக்ஸ்மோர் உச்சிக்குப் பக்கவாட்டில் பாதை. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஒரு ஆள் அகலம். காற்று ஒரு கன்னத்தில் மட்டும் அறைந்துகொண்டே இருந்தது. நடுவே ஒதுங்குவதற்கு இரண்டு மறைப்புக் கொட்டகைகள். இரண்டாவதில் பருப்புப்பொடியைச் சப்பாத்தியில் சுருட்டிச் சாப்பிட்டோம். யாரும் பேசவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம் கீழே, கீழே, கீழே. வளைவு மேல் வளைவு. முழங்கால் பரவாயில்லை என்று நேற்று எழுதியது நேற்றைய கணக்கு.

குடிலின் பதிவேட்டில் பெயர், ஊர், அடுத்து எங்கே, வானிலை எப்படி என்று எழுதவேண்டும். காணாமல் போனால் தேடுவதற்கு. "வானிலை" கட்டத்தில் எல்லோரும் ஒரு சொல் எழுதியிருந்தார்கள். நான் மூன்று வரி எழுதிவிட்டேன், பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.

ராத்திரி கிவி கூவியது. ஆண் மேலே மேலே ஏறும் விசில், பெண் தொண்டை கட்டிய குரல். கேட்டதோடு சரி. சித்ரா ஷூ போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள், மணல் ஈ தூங்கும் நேரம் என்பதால் நானும். ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 13, மோட்டுராவ்

16 கி.மீ. 1984 மழையில் சரிந்த பெரிய சரிவைத் தாண்டும்போது பிரபு மணி கேட்டான். பன்னிரண்டரை. ஊரில் காலை ஐந்து, போகி.

நோட்டில் என்ன இருக்கிறது என்று பிறகு முழுக்க அதையேதான் யோசித்தேன். கூட்டுறவு வங்கி வருஷாவருஷம் சும்மா கொடுத்த டைரிகள். கத்தரிக்காய். செருப்பு தைக்க. சித்தப்பாவுக்குக் கைமாற்று (வரவில்லை). மழை. மாவு அரைக்க. என் பிறந்த தேதியில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, அதன் கூலி, அதற்குக் கீழே "பெண்". அவ்வளவுதான். வேறு ஒன்றும் எழுதமாட்டார். அதை எதற்கு வைத்துக்கொள்வது என்று அக்கா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பெங்களூரில் என் அலமாரியில் இடமும் இல்லை.

பாதையோரம் மரப்பெட்டிகள் விடாமல் வருகின்றன. உள்ளே பொறி, இரைக்கு ஒரு முட்டை. ஸ்டோட் என்கிற கீரி மாதிரியான பிராணிக்கு. முயலை ஒழிக்க 1880களில் கொண்டுவந்தார்கள், அது முயலைவிட்டுப் பறவைக் குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டது. வௌவாலைத் தவிர தரைப்பாலூட்டியே இல்லாத நாட்டில், பறப்பதை விட்டுவிட்ட பறவைகளுக்கு நடுவே. 2050க்குள் ஸ்டோட், எலி, போசம் என்கிற வயிற்றுப்பைப் பிராணி எல்லாவற்றையும் நாட்டைவிட்டே ஒழிப்பது என்று 2016இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பாதை முழுக்க சாதிக் பெட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தான், நடுவில் யாரோ வணக்கம் சொன்னதில் எண்ணிக்கை தவறிவிட்டது, கோபம்.

இந்தக் குடில் மானபூரி ஏரியின் கரையில். மின்சாரத்துக்காக இதன் நீர்மட்டத்தை உயர்த்தப் பார்த்தார்கள். 1970இல் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குக் குறைவாக இருந்த நாட்டில். கரை பிழைத்தது. அதில்தான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐஸ்.

ஜனவரி 14

ரெயின்போ ரீச்சில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் உதற ஆரம்பித்தது. பொங்கல் படங்கள், கரும்பு படங்கள், காலேஜ் குரூப், வங்கி. நடுவில் அக்கா:

"பதில் வரல. கரையான் அரிச்சதை மட்டும் போட்டேன். மீதி ஒரு அட்டைப்பெட்டில இருக்கு. அம்மா பக்கத்துலயே நின்னா, ஒண்ணும் சொல்லல."

எந்த வருஷங்கள் என்று கேட்டேன். "அதையெல்லாம் யார் பார்த்தா?"

விடுதி அடுப்பில் சித்ரா பொங்கல் வைத்தாள். வெல்லம் இல்லை, பழுப்புச் சர்க்கரை. பொங்கியதும் பிரபு கத்தினான், சமையலறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

ஜனவரி 15

அக்காவிடம் பேசவில்லை.

ஜனவரி 17, ஓபன், ரக்கியுரா தீவு

பிளஃப்பிலிருந்து படகு ஒரு மணி நேரம். சாதிக் முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். ஊரில் மொத்தம் நானூறு பேர் இருந்தால் அதிகம், கிவி அதைவிட எவ்வளவோ அதிகம். அப்படியும் ஊர் முழுக்கச் சுற்றி ஒன்று கண்ணில் படவில்லை. வெள்ளை வெளிச்சம் அடிக்கக் கூடாது, சிவப்பு விளக்கு மட்டும். ரக்பி மைதானத்தின் ஓரப் புதரில் நள்ளிரவு வரை நின்றோம். சரசரப்பு எல்லாம் போசம். சாதிக் வரவில்லை, தூங்குகிறேன் என்றான்.

திரும்பி வந்தால் விடுதி வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். "இப்பத்தான் போச்சு. இதோ இப்படி, மூக்கால தரையைக் குத்திக்கிட்டே. கோழியைவிடப் பெரிசு." சித்ரா இன்னும் அவனோடு பேசவில்லை.

ஜனவரி 18

உல்வா தீவு. ஏறுவதற்கு முன் பையை உதறிக் காட்டவேண்டும், விதையோ எலியோ இருக்கக் கூடாது. எலிகளை ஒழித்து, 1997இல் எலி இல்லாததாக அறிவித்த தீவு. பாதையில் காலால் சருகைக் கொஞ்சம் கிளறிவிட்டு நகர்ந்து நின்றால் ராபின் வந்துவிடுகிறது. நீளக் கால், சாம்பல் உடம்பு, உள்ளங்கை அளவு. கிளறிய இடத்தில் புழு பொறுக்கிவிட்டு, என் ஷூ கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. அதற்குள் அம்மா போன். அம்மாவே.

"சைக்கிளை மட்டும் யாருக்கும் குடுக்காதேன்னு உங்கக்காகிட்ட சொல்லு."

நீயே சொல்லேன் அம்மா, பக்கத்திலேதானே இருக்கிறாள்.

"நீ சொல்லு."

ஜனவரி 19

நீரிணையில் காற்று, காலைப் படகு இல்லை. மதியம் பார்க்கலாம் என்கிறார்கள். பதிவு அலுவலகம் நாளை பதினொன்றுக்கு. அக்காவுக்கு எழுதினேன்: சைக்கிள் எனக்கு. எப்படிக் கொண்டுபோவாய் என்று உடனே கேட்டாள், இரண்டு நீலக் கோடு விழுந்த அதே வினாடியில். காற்றடித்துவிட்டு எங்கேயாவது நிறுத்திவை, வந்து