வருஷ வாடகை நாலரைக் கோடி

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துக்கு வந்து சேர்ந்த முதல் வாரமே வீட்டுக்கார அம்மா வாடகையைச் சொல்லிவிட்டார். வருஷத்துக்கு 45 ஜூத்தா. மொத்தத்தையும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும், இங்கே பல வீடுகளுக்கு அதுதான் வழக்கம். ஜூத்தா என்றால் பத்து லட்சம். அன்றிரவு திருப்பூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "நாலரைக் கோடியா? அவ்வளவு பணத்துக்கு எங்கடி போவீங்க?" என்று பதறிவிட்டார். இந்த நாட்டுப் பணம் ரூபியா, நம்முடையது ரூபாய் என்று பேரும் ஒன்றுபோல இருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது.

என் கணவர் வேலை செய்யும் நூற்பாலையில் பழைய ஆளான ஒரு மதுரைக்காரர்தான் வழி சொன்னார். கடைசி மூன்று சைபரை விட்டுவிட்டு, மீதியை ஐந்தால் பெருக்க வேண்டும். 45 ஜூத்தா இரண்டேகால் லட்சம் ரூபாய் ஆனது. உண்மையில் இன்னும் கொஞ்சம் கூட வரும், ஆனால் கடைத்தெருவுக்கு இது போதும்.

எழுத்திலும் பழக வேண்டியிருந்தது. நாம் கமா போடும் இடத்தில் இவர்கள் புள்ளி வைக்கிறார்கள்: 1.500.000. சாப்பாட்டுக் கடைப் பலகையில் வெறும் 25 என்றிருந்தால் அது 25,000. ரிபு ஆயிரம், மிலியார் நூறு கோடி. நடுவில் லட்சத்தையும் கோடியையும் தேடித் தேடி எனக்கு அலுத்துவிட்டது.

காலையில் தெருவுக்குக் காய்கறி வண்டி தள்ளி வருபவரை எல்லோரும் மாங் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தப் பக்கத்துச் சுந்தா மொழியில் அது மாமா முறை. ஒரு நாள் கீரைக்கும் மிளகாய்க்கும் பத்தாயிரம் என்று நினைத்து ஒரு லட்சம் நோட்டை நீட்டிவிட்டேன். நாட்டின் முதல் அதிபர் சுகர்ணோவும் துணை அதிபர் ஹத்தாவும் இருக்கும் அந்தச் சிவப்பு நோட்டை என் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டு, "ஹாத்தி ஹாத்தி, பூ" என்றார். பார்த்து அம்மா, என்று அர்த்தம். ஐந்தால் பெருக்கினால் எனக்கு அது ஐந்நூறு ரூபாய்தான். அவருக்கோ அன்றைய நாள் முழுக்க வண்டி தள்ளி மிஞ்சும் காசு கிட்டத்தட்ட அவ்வளவு என்று பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. அதிலிருந்து, "ஐந்நூறுதானே" என்ற நினைப்பை அவர் வண்டிப் பக்கம் நான் கொண்டுபோவதில்லை.

சைபர்கள் எப்படி இவ்வளவு சேர்ந்தன என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். 1965 டிசம்பரில் பழைய ஆயிரம் ரூபியாவைப் புதிய ஒரு ரூபியா ஆக்கினார்கள், அப்போது அவர் சிறுமி. அப்புறம் ஆசியப் பொருளாதார நெருக்கடி. 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியாவாக இருந்தது, 1998இல் 16,000ஐத் தாண்டியது. வீட்டுக்கு மாடி எடுக்க அவர் சேர்த்து வைத்திருந்த பணம் பாஸ்புக்கில் அப்படியே இருந்தது. ஆனால் கம்பியும் சிமென்ட்டும் கைக்கு எட்டாமல் போய்விட்டன. மூன்று சைபரை வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் இன்னும் வயிற்றைப் பிசைகிறது என்றார்.

சொல்லிக்கொண்டே கையிலிருந்த வளையலைத் தொட்டுக் காட்டினார். விலை எதுவும் சொல்லவில்லை. பத்து கிராம் என்றார்.

ஒன்றேகால் சவரன் என்று அம்மாவிடம் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.