பெஞ்சில் இடமில்லாத பயிற்சியாளர்

"நீங்க கூடப் போனா பெற்றோர் நிம்மதியா இருப்பாங்க மேடம்" என்றார் வாலிபால் சங்கச் செயலாளர். "சரி சார்" என்றேன். உதவிப் பயிற்சியாளர் என்று போயிருந்த என் பெயர், கடைசிப் பட்டியலில் அணி மேலாளர் என்று வந்திருந்தது.

பெண்கள் அணி வெளியூர் போனால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும். அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் பயிற்சியாளராகவே போகக் கூடாதா? கேட்டிருந்தால் என்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வாலிபாலில் பெஞ்சில் உட்காரத் தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர்கள், பிசியோ, மருத்துவருக்குத்தான் அனுமதி. மேலாளருக்கு இடம் கிடையாது. அறைச் சாவிகளும் நாப்கின் பாக்கெட்டுகளும் நிறைந்த பையோடு நான் கேலரியில் இருந்தேன்.

இரண்டாவது செட்டில், வலையோரம் நடுவில் நின்று பந்தைத் தடுக்கும் எங்கள் மிடில் பிளாக்கர் குதித்து இறங்கும்போதெல்லாம் வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிவது, விளையாடுகிறவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பல நேரம் இப்படி இறங்கும்போதுதான் கிழியும். அவளுக்கு இறங்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். களைத்தால்தான் அவளுக்கு அந்தக் கால் சாயும். செட் முடிந்ததும் கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். "பார்த்துக்கிறேன் மேடம்" என்றார் பயிற்சியாளர். மூன்றாவது செட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளை மாற்றியும் விட்டார். நல்ல மனிதர். அதனால்தான் இதைப் புகாராகச் சொல்லவும் வரவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்தான். 2024 பாரிஸில் வீராங்கனைகளுக்குச் சரிபாதி இடம் ஒதுக்கினார்கள், அது ஆடுகிறவர்களுக்கு. பெண்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்பார்கள். வந்தவர்களை எங்கே உட்காரவைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மேலாளராகப் போன தொடர் பயிற்சி அனுபவத்தில் சேராது. அடுத்த தேர்வில் "உங்களுக்கு பெஞ்ச் அனுபவம் குறைவு" என்பதும் அவர்களேதான்.

ஆனாலும் அன்று இரவு ஒரு பெண் கதவைத் தட்டி, பயிற்சியாளரிடம் சொல்ல முடியாத ஒன்றை என்னிடம் சொன்னாள். நான் அங்கே இருந்தது வீண் என்று எப்படிச் சொல்வேன்?

அடுத்த தொடருக்கும் கடிதம் வந்திருக்கிறது, மேலாளர் என்றுதான். உதவிப் பயிற்சியாளர் என்றால் வருகிறேன் என்று பதில் எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அப்படியென்றால் பெண்களோடு யார் போவது என்று கேட்பார் செயலாளர். அதற்கு அவரல்லவா பதில் தேட வேண்டும்? ஆனால் தேடிக்கொண்டிருப்பது நான்தான்.