சிற்பப் பயிற்சியைத் தொழில்தரத்துக்குக் கொண்டுபோக: மேற்பரப்பைத் தள்ளிப்போடுங்கள்

சிற்பம் கற்கிறவர்கள் பலரும் சில ஆண்டுகளில் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். முகம் முகமாக இருக்கும், கை கையாக இருக்கும், யாருடைய உருவம் என்று அடையாளமும் தெரியும். ஆனால் அதைத் தேர்ந்த சிற்பி ஒருவரின் வேலைக்குப் பக்கத்தில் வைத்தால், எது மாணவர் வேலை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். இந்த இடைவெளியை நிரப்பப் பெரும்பாலோர் கையில் எடுப்பது நுணுக்கத்தைத்தான்: முடி இழை, தோல் சுருக்கம், நகக்கண். நான் படித்த காலத்திலும், பிறகு வார்ப்புப் பட்டறையில் உதவியாளராக இருந்த காலத்திலும் பார்த்தவரை, குறை அங்கே இல்லை. பெரிய வடிவத்தில்தான் இருக்கிறது. மேற்பரப்பை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவுக்கு வேலை உயர்கிறது.

ஒரு தலையை எடுத்துக்கொள்வோம். மாணவர் செய்த தலையை மேலிருந்து பாருங்கள். பெரும்பாலும் முகம் ஒரு பலகை போலத் தட்டையாக இருக்கும், காதுகள் முன்னால் வந்திருக்கும், பின்மண்டை போதாது. உண்மையில் மேலிருந்து பார்த்தால் மண்டை முட்டை வடிவம். நெற்றிப் பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம். முகம் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து பின்னால் போகிறது. அதனால் கண்ணின் வெளிமுனை உள்முனையைவிடப் பின்னால் இருக்கும். வாய்க்கும் அப்படித்தான்: பற்களின் வளைவு உள்ளே இருப்பதால் உதட்டின் ஓரங்கள் பின்வாங்கும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதித் தலை சரியாகிவிடும். இமையை எவ்வளவு அழகாகச் செய்தாலும், அது தட்டையான முகத்தில் இருந்தால் ஒட்டவைத்ததுபோலத்தான் தெரியும்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் வேலைசெய்த முறையும் இதுதான். மாடலையும் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் வெளிக்கோட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஏணியில் ஏறி மேலிருந்தும் பார்ப்பார். 1877-ல் அவருடைய ‘வெண்கல யுகம்’ சிலை காட்சிக்கு வந்தபோது, ஆள் உடம்பின் மேலேயே அச்செடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். மாடலின் புகைப்படங்களையும் அந்த மாடலின் உடம்பிலிருந்து எடுத்த வார்ப்புகளையும் காட்டி ரோடின் தன் வேலையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த உயிர்ப்பு வந்தது எல்லாப் பக்க வெளிக்கோடுகளும் சரியாக இருந்ததால். தோலைத் தேய்த்து மினுக்கியதால் அல்ல.

பயிற்சிக்கு நான் சொல்வது இது. சுழல்மேடையில் வைத்துச் செய்யுங்கள். ஒரே பக்கத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காதீர்கள், திருப்புங்கள். விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்து, அப்புறம் மறுபக்கம் மாற்றுங்கள். ஒரே விளக்கில் சரியாகத் தெரிந்த கன்னம் விளக்கை நகர்த்தினதும் பள்ளமாகிவிடும். கண்ணாடியில் பாருங்கள், சாய்வும் கோணலும் உடனே தெரியும். விரலை ஓரம் வைத்துவிட்டு மரக்கட்டையாலும் கம்பி வளையக் கருவியாலும் பெரிய தளங்களை வெட்டுங்கள். விரல் எல்லாவற்றையும் உருட்டிவிடும். வடிவம் வழவழவென்று நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் எலும்பு காணாமல் போயிருக்கும்.

தூரங்களை அளக்கும் இருகால் கருவியான காலிப்பரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அளந்து அளந்து செய்தால் கண் வளராது என்பார்கள் சிலர். அளக்காமல் செய்வது சோம்பல் என்பார்கள் சிலர். என் தீர்ப்பு: முதலில் கண்ணால் வையுங்கள், பிறகு அளந்து சரிபாருங்கள். காதுத்துளையிலிருந்து மூக்கு நுனிக்கும், தாடைக்கும், புருவ நடுவுக்கும் உள்ள தூரங்கள், கன்ன எலும்புகளுக்கு இடையிலான அகலம், இவை போதும். எங்கே தவறுகிறீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். எல்லோருக்கும் ஒரு நிரந்தரச் சாய்வு இருக்கும். பலர் கண்ணை மேலே வைத்து நெற்றியைச் சுருக்கிவிடுவார்கள். வளர்ந்தவர் தலையில் கண் ஏறக்குறைய உயரத்தின் நடுவில் இருக்கிறது. உங்கள் சாய்வு எது என்று தெரிந்துவிட்டால், கை அந்தப் பக்கம் போகும்போதே உங்களுக்குத் தெரியும். காலிப்பர் கற்றுத் தருவது அதைத்தான்.

இனி, பள்ளியில் குறைவாகவும் பட்டறையில் மிகுதியாகவும் பேசப்படுவது: செய்த உருவம் அடுத்த பொருளுக்குப் போய்ச் சேருமா? தொழில்தரம் என்பதில் பாதி இதுதான். மண்ணைத் தாங்க உள்ளே வைக்கும் ஆர்மேச்சர் கம்பி எந்த இடத்திலும் மண்ணின் மேற்பரப்புக்கு நெருங்கி வரக்கூடாது. வந்தால் கடைசியில் தோளைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டிய நேரத்தில் கம்பி தடுக்கும். கனமான மண் சரியாமல் இருக்க, கம்பியில் சின்ன மரச் சிலுவைகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நீர் கலந்த மண்ணைச் சுட்ட மண்ணாக்கப் போகிறீர்கள் என்றால் அது காய்ந்து சுடும்போது சுருங்கும். மண்ணின் வகையைப் பொறுத்து 10 சதவீதத்துக்கு மேலும் போகலாம். உள்ளே குடைந்து சுவரை ஏறக்குறைய ஒரே கனத்துக்குக் கொண்டுவாருங்கள். சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழி காரணம் என்று சொல்வார்கள். மண்ணில் தங்கிய ஈரம் நீராவியாவதுதான் காரணம். ஆகவே நிதானமாகக் காயவிடுவதுதான் மருந்து.

எண்ணெய் மண்ணில் (நீருக்குப் பதில் எண்ணெய் கலந்த, காயாத மண்ணில்) செய்து ரப்பர் அச்செடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில எண்ணெய் மண் வகைகளில் கந்தகம் இருக்கும். பிளாட்டினம் வகை சிலிக்கான் ரப்பர் கந்தகம் பட்டால் இறுகாது. தொடும் இடமெல்லாம் பிசுபிசுவென்று நின்றுவிடும், சிலையும் கெட்டுப்போகும். கந்தகம் இல்லாத மண்ணையோ டின் (வெள்ளீய) வகை சிலிக்கானையோ தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் ஒரு சின்ன உருண்டையில் ஊற்றிப் பார்த்துவிட்டே சிலைக்குப் போங்கள். அச்சின் இணைப்புக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதையும் மண்ணில் இருக்கும்போதே முடிவுசெய்யுங்கள். காதுக்குப் பின்னால், துணி மடிப்பின் விளிம்பில் போட்டால் பிறகு அழிப்பது எளிது. கன்னத்தின் நடுவே போட்டால் வடிவத்தையே திரும்பச் செதுக்க வேண்டி வரும்.

பிளாஸ்டரில் ஒரு பழக்கம் போதும்: தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவுங்கள், பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூவியதை ஊறவிட்டுப் பிறகு கலக்கினால் கட்டியும் குமிழும் குறையும். அது இறுகும்போது சூடேறும். கனமாக ஊற்றினால் 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். யாருடைய கையையும் பிளாஸ்டருக்குள் நேராக விட்டு அச்செடுக்கக் கூடாது. அதற்கு, உடம்பில் அச்செடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் என்ற பொருள் இருக்கிறது.

வெண்கலத்துக்குப் போனால் இன்னொரு கணக்கு. உருவத்தை முதலில் மெழுகில் எடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் குளிரும்போது ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். பீடத்தில் பொருந்த வேண்டிய, அளவு சொல்லிக் கேட்ட வேலை என்றால் இதை முன்கூட்டியே சேர்த்துச் செய்ய வேண்டும். மெழுகின் கனமும் சீராக இருக்க வேண்டும்; ஒரு இடம் தடித்தும் பக்கத்து இடம் மெலிந்தும் இருந்தால் தடித்த இடம் கடைசியாகக் குளிர்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், மேற்பரப்பில் பள்ளம் விழும். அதனால் வார்ப்பை நம்பி மெழுகில் எதையும் விட்டுவைக்காதீர்கள். மெழுகில் சில நிமிடத்தில் சரியாகும் தழும்பு, உலோகத்தில் அரை நாளைத் தின்னும்.

கல்லில் ‘மேற்பரப்பைத் தள்ளிப்போடு’ என்பது இன்னும் கறாரான விதி. கூர் உளியால் பெரும்பகுதியை நீக்கி, பல் உளியால் தளங்களை ஒழுங்குசெய்து, தட்டை உளியும் அரமும் கடைசியில் வர வேண்டும். முடிவு மேற்பரப்புக்கு அருகில் கூர் உளியைச் செங்குத்தாகப் பிடித்து அடித்தால் கல்லின் உள்ளே நசுங்கும். பளிங்கில் அது அப்போது தெரியாது. மெருகேற்றிய பிறகு வெள்ளைப் புள்ளிகளாக எழுந்து நிற்கும்; அதைப் போக்க அந்த இடம் முழுவதையும் கீழிறக்க வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடிப்பதும், சில மில்லிமீட்டருக்கு முன்பே கூர் உளியை நிறுத்துவதும் பழக்கமாக வேண்டும். உப்புத்தாளில் ஒரு படியைத் தாண்டாதீர்கள். 120 எண் தாளின் கீறல் நேராக 400 எண் தாளுக்குப் போனால் போகாது, பளபளப்புக்குள் தெரியும்.

கல் ஏமாற்றவும் செய்யும். 1632-ல் இத்தாலியச் சிற்பி பெர்னினி செதுக்கிய கர்தினால் ஷிபியோனே போர்கேசேயின் மார்பளவுச் சிலையில் நெற்றியின் குறுக்கே விரிசல் தெரிந்தது. அவர் அதே உருவத்தை இன்னொரு கல்லில் திரும்பச் செதுக்கினார். இரண்டும் ரோமில் இருக்கின்றன. எனக்கு இதில் பிடித்தது, அவரால் திரும்பச் செய்ய முடிந்தது என்பதே. ஒருமுறை தற்செயலாக நன்றாக வந்த காதைப் பாதுகாக்காமல், அதே காதைத் திரும்பத் திரும்பச் செய்து உடைத்துவிடும் பயிற்சியை நான் எல்லோருக்கும் சொல்வேன். சொன்ன அளவில், சொன்ன நாளில், மீண்டும் வர வேண்டும்.

தூசியைப் பற்றிச் சுருக்கமாக: கிரானைட்டிலும் மணற்கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய், குணமாகாது. ஈரமாக வெட்டுங்கள், துகள் வடிகட்டும் முகமூடியை முகத்தோடு சரியாகப் பொருந்தும்படி அணியுங்கள், தரையைக் கூட்டாமல் ஈரத்தால் துடையுங்கள். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

பட்டறையில் வேலை கேட்டுப் போகும்போது உங்கள் படத் தொகுப்பில் எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். பார்க்கிறவர் முதலில் தேடுவது பக்கவாட்டுப் படத்தையும் பின்பக்கப் படத்தையும்தான். முன்பக்கம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுவார். வெற்றுப் பின்னணியில், பக்க ஒளியில், ஒரே உருவத்தை மூன்று நான்கு கோணங்களில் எடுத்து வையுங்கள். ஆர்மேச்சர், பாதி மண், அச்சு, மெழுகு என்று இடைநிலைப் படங்களையும் சேருங்கள். சேர்ந்த பிறகு அவர்கள் முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் மெழுகில் இணைப்புக் கோட்டை அழிக்கும் வேலையாகத்தான் இருக்கும். சலிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு சிற்பிகளின் வடிவங்களை, கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே வளைவாக ஓடும்படி கையாலேயே தொடரும் வாய்ப்பு அந்த மேசையில்தான் கிடைக்கும்.