வெட்டப்பட்ட அட்டை

"காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் ரெண்டு கொடுங்க" என்று கேட்டவரிடம் மருந்துக்கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை.

மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது என்பதற்காக அட்டையில் அச்சிட்டிருக்கும் சிவப்புக் கோட்டின் குறுக்காகவே கத்தரி போனது.

அசித்ரோமைசின் பாக்டீரியாவை எதிர்க்கும் ஆன்டிபயாடிக்; வைரஸ் காய்ச்சலில் அந்த மாத்திரைக்கு வேலையே இல்லை. உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் நலிந்தவை சாக, தாக்குப்பிடித்தவை பெருகுவதுதான் மிச்சம்.

பழைய மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவுக்குப் புதிய மருந்து வரட்டுமே என்பார்கள். சிக்கலே அங்கேதான். புதிய ஆன்டிபயாடிக்கைக் கடைசி ஆயுதமாகப் பூட்டிவைக்க வேண்டும்; பூட்டிவைத்தால் விற்பனை இல்லை. பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்கை உருவாக்கிய அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனத்துக்கு 2018 ஜூனில் அதை விற்க அனுமதி கிடைத்தது, 2019 ஏப்ரலில் அது திவாலானது.

தீப்பிடித்த கணக்குப் பார்த்தா தீயணைப்பு வீரருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்? இங்கிலாந்து 2022இல் செஃபிடெரோகால், செஃப்டாசிடைம்-அவிபாக்டம் ஆகிய இரு மருந்துகளுக்கும், எத்தனை குப்பி செலவானாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஒரு கோடி பவுண்டு வரை சந்தா கட்ட ஒப்புக்கொண்டது.

நாமோ பழைய பென்சிலினின் மூலப்பொருளுக்கே நெடுங்காலம் சீனாவை நம்பியிருந்தோம்; அதைத் தயாரிக்கும் ஆலை ஆந்திராவின் காக்கிநாடாவில் திறக்கப்பட்டது 2024இல்தான்.