தலைக்கு எத்தனை கிலோ?

உணவுக் கணக்கும் வளக் கணக்கும் போடும் வேலையில் இருப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பேரை பூமி தாங்குமா?" கேட்பவருக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும். கணக்குப் போடுபவர் கையில் இருப்பதோ ஒரு வகுத்தல். மேலே வளம், கீழே மக்கள்தொகை. விடை சிறுத்துக்கொண்டே போனால் எல்லோர் விரலும் கீழே இருக்கும் எண்ணைத்தான் காட்டுகிறது. மேலே உள்ள எண் எப்படி உருவானது என்று கேட்பவர் குறைவு.

உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. உலகின் ஆண்டுத் தானிய விளைச்சல் ஏறக்குறைய 280 கோடி டன். வகுத்தால் தலைக்கு 350 கிலோ, அதாவது ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ தானியத்தில் 3,400 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், காய், பழம், பயறு, எண்ணெய், மீன் எதையும் சேர்க்காமலே ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,200 கிலோகலோரிக்கு மேல் வந்துவிடுகிறது. தாராளமாகப் போதும். ஆனாலும் அண்மை ஆண்டுகளில் 70 கோடியை ஒட்டிய மக்கள் போதிய உணவில்லாமல் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடப்பதைத் தேடுவதுதான் இந்த வேலை.

ஒரு நாட்டின் ஆண்டு உணவுக் கணக்கு கடையின் வரவு செலவு ஏடு மாதிரிதான். விளைச்சல், அதோடு இறக்குமதி, ஏற்றுமதி கழித்து, கிடங்கு இருப்பில் கூடினதையும் குறைந்ததையும் சரிசெய்தால் வரவு. தீவனம், விதை, ஆலைகளுக்குப் போனது, வழியில் கெட்டது, மனிதர் உண்டது எல்லாம் செலவு. இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். பெரும்பாலும் பொருந்தாது. தீவனத்தை யாரும் முழுதாக அளப்பதில்லை. விவசாயி வீட்டுக் குதிரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மற்ற எல்லாவற்றையும் கழித்து மிஞ்சியதை "உணவு" என்ற பத்தியில் போட்டுவிடுவது வழக்கம். மற்ற பத்திகளின் பிழை முழுவதும் அங்கே வந்து குவியும். ஒரு நாட்டு மக்கள் ஒரே ஆண்டில் கால் பங்கு கூடுதலாகச் சாப்பிட்டதாக ஏடு சொன்னால், அவர்கள் சாப்பிடவில்லை, கிடங்குக் கணக்கு தவறியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இருப்பு மாற்றத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறிப்போவதுதான் அடிக்கடி கிடைக்கும் குற்றவாளி.

அடுத்தது ஈரம். அறுவடையான நெல்லில் 22 விழுக்காடு ஈரம் இருந்தால், ஒரு டன்னில் உலர்பொருள் 780 கிலோதான். அதை 14 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் எடை 907 கிலோ. அரைத்தால் உமியும் தவிடும் போக மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 605 கிலோ அரிசி. களத்தில் எடைபோட்ட ஒரு டன்னை அப்படியே அரிசி என்று ஏட்டில் ஏற்றிவிட்டால், இல்லாத 395 கிலோ சோறு கணக்கில் வெந்துவிடும். இது கற்பனைத் தவறு அல்ல. நெல்லாகத் தரும் புள்ளிவிவரமும் அரிசியாகத் தரும் வணிகப் புள்ளிவிவரமும் ஒரே பத்தியில் கலக்கும் இடத்திலெல்லாம் நடக்கும். சோயாவிலும் இதே வம்பு உண்டு. விதையாக ஒருமுறை, எண்ணெயாக ஒருமுறை, பிண்ணாக்காக மறுமுறை என்று ஒரே மூட்டை மூன்று தடவை எண்ணப்பட்டுவிடும்.

தீவனப் பத்தியில்தான் வாதம் சூடாகும். உலகத் தானியத்தில் பத்தில் நாலு பங்கு நேராக மனிதர் வயிற்றுக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கால்நடைக்கு. மிச்சம் எரிசாராயம், மாவுச்சத்து, விதை, இழப்பு. கறிக்கோழிக்கு ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.7 கிலோ தீவனம் போதும் என்பார்கள். சரிதான், ஆனால் உயிர் எடையை யாரும் சாப்பிடுவதில்லை. இறகு, குடல், எலும்பு போனால் பாதியை ஒட்டித்தான் தட்டுக்கு வரும். அப்போது அந்த 1.7, மூன்றைத் தாண்டிவிடும். எதிர்ப்பக்கத்திலும் இதே அளவு பிழை உண்டு. கால்நடைகள் தின்பதெல்லாம் நம் வாயிலிருந்து பிடுங்கியது என்று எழுதுகிறவர்கள், உலகக் கால்நடைகள் தின்னும் உலர்பொருளில் 86 விழுக்காடு மனிதர் தின்ன முடியாத புல், வைக்கோல், பிண்ணாக்கு போன்றவை என்பதை விட்டுவிடுகிறார்கள். மானாவாரி மேய்ச்சல் நிலத்து மாட்டையும், தொட்டியில் மக்காச்சோளம் போட்டு வளர்க்கும் மாட்டையும் ஒரே சராசரிக்குள் போட்டால் இரண்டைப் பற்றியும் பொய்தான் வரும்.

உணவைத் தாண்டி எல்லா வளத்துக்கும் வந்தால், எடுத்ததும் கைக்கு வருவது ஒரு பெருக்கல் வாய்பாடு: சுமை என்பது மக்கள், தலைக்கு நுகர்வு, ஒரு அலகு நுகர்வுக்கான பாதிப்பு ஆகிய மூன்றின் பெருக்கம். பூமியிலிருந்து எடுக்கும் மணல், கல், தாது, எரிபொருள், பயிர், மரம் எல்லாம் சேர்த்து 1970-ல் ஏறக்குறைய 3,000 கோடி டன்; இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மூன்றரை மடங்கு. அதே காலத்தில் மக்கள் 2.2 மடங்கு, தலைக்கு எடுத்தது 1.6 மடங்கு. பெருக்கினால் சரியாக வருகிறது. உடனே "பெரிய பங்கு மக்கள்தொகைக்கே" என்று அறிக்கையில் எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

ஒரு ஊரில் 100 பேர், தலைக்கு 24 டன் எடுக்கிறார்கள்: 2,400 டன். பக்கத்து ஊரில் 100 பேர், தலைக்கு 4 டன்: 400 டன். மொத்தம் 2,800, சராசரி 14. இப்போது இரண்டாவது ஊரில் மட்டும் மக்கள் இரட்டிப்பாகி 200 ஆகிறார்கள். அவர்கள் பயன்பாடு 800. மொத்தம் 3,200, மக்கள் 300, சராசரி 10.7. இரண்டு ஊரையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பவருக்கு மக்கள்தொகை சுமையை 50 விழுக்காடு ஏற்றியதாகவும், நுகர்வு குறைந்து காப்பாற்றியதாகவும் தெரியும். உண்மையில் எவரும் நுகர்வைக் குறைக்கவில்லை. இரட்டித்த ஊர் கூட்டியது 400 டன், வெறும் 14 விழுக்காடு. முதல் ஊரில் நான்கு டன் கூடுதலாக ஆளுக்கு எடுத்திருந்தாலும் இதே 400 டன் கூடியிருக்கும், ஒரு குழந்தைகூடப் பிறக்காமல். உலக நிலவரமும் இந்தச் சாயலில்தான் இருக்கிறது: வருமானம் மிகுந்த நாடுகளின் தலா பொருள் பயன்பாடு, வருமானம் குறைந்த நாடுகளைப்போல் ஆறு மடங்கு. எனவே நாடு நாடாகப் பெருக்கி, பிறகு கூட்ட வேண்டும். கூட்டிவிட்டுப் பெருக்குவது எளிது, அதனால்தான் அதுவே நடக்கிறது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கும் நன்னீரில் 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது, மழையை நம்பும் பயிரையும் ஆழ்துளைக் கிணற்றுப் பயிரையும் பிரித்துப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். உரம் அப்படியில்லை. 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் காட்டினார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாடு இந்த வழியில் வரும் நைட்ரஜனை நம்பியிருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் நைட்ரஜன் வயலில் விழுகிறது. பயிர் எடுத்துக்கொள்வது பாதியை ஒட்டி. மிச்சம் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் காற்றுக்கும் போகிறது. காற்றில் கலக்கும் நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு சூடேற்றும். இங்கே அலகுப் பிழைகள் பொல்லாதவை. 100 கிலோ யூரியாவில் நைட்ரஜன் 46 கிலோதான். மூட்டையில் அச்சிட்டிருக்கும் பாஸ்பேட் அளவு ஆக்சைடுக் கணக்கு; தனிமமான பாஸ்பரஸின் அளவு வேண்டுமென்றால் 0.436 ஆல் பெருக்க வேண்டும். இதை மறந்து மண்ணின் வரவு செலவு எழுதினால் நிலம் கொழுத்திருப்பதாகக் காட்டும், பயிர் மஞ்சளாக நிற்கும்.

வீணாகும் உணவை அளப்பது பார்க்க எளிது, செய்யக் கடினம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டில் 2022-ல் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்து 105 கோடி டன் வீணானது. அதில் அறுபது விழுக்காடு வீடுகளில், தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. நாளுக்கு 216 கிராம். ஒரு வீட்டில் இதைச் சரிபார்க்க ஐந்து கிராம் துல்லியமுள்ள தராசு, மூடியுள்ள இரண்டு வாளி, ஏழு முழு நாட்கள் வேண்டும். ஒரு வாளியில் தின்னக்கூடியது, மற்றதில் எலும்பு, கொட்டை, முட்டை ஓடு. தோல் எந்த வாளிக்கு என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். நடுவில் மாற்றினால் வாரம் வீண். வாளியின் வெற்று எடையைக் கழிக்க மறப்பது சாதாரணம். அதைவிட மோசம், கழுவுதொட்டியில் ஊற்றும் குழம்பும் பாலும். அவை எந்த வாளிக்கும் வராது, ஆகவே தொட்டியருகே ஒரு அளவுக் குவளை வைக்க வேண்டும். வீட்டாரையே குறிப்பெழுதச் சொன்னால் எண் எப்போதும் குறைவாகவே வரும். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. எடை போடப்போகிறோம் என்று தெரிந்தாலே மனிதர் கொஞ்சமாகச் சமைப்பார்கள். முதல் இரண்டு நாளின் எண்ணும் கடைசி இரண்டு நாளின் எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

ஆண்டுதோறும் "பூமியின் ஓராண்டு வளம் இன்றோடு தீர்ந்தது" என்று ஒரு நாளைக் குறிக்கிறார்கள். கவனத்தை இழுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் கார்பனை உறிஞ்சத் தேவைப்படும் கற்பனைக் காட்டின் பரப்பு. அதை விளைநிலம் தீர்ந்துபோனது என்று வாசிப்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே இந்த வேலையில் பாதிநாள் போகிறது.

கீழே இருக்கும் எண்ணுக்கு வருவோம். 1960களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இன்று இரண்டேகாலை ஒட்டி. ஆனாலும் இளையோர் மிகுந்திருப்பதால் கூட்டம் சில பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே போகும். 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொடும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. இந்த எண்ணும் கல்லில் செதுக்கியது அல்ல. ஒரு நாடு புதிதாக மக்கள் கணக்கெடுத்து, பழைய மதிப்பீடு அதிகம் என்று தெரிந்தால், பின்னோக்கிப் பத்தாண்டுக்குத் திருத்துவார்கள். அன்றைக்கு ஏட்டில் ஒரு நெல்மணி கூடியிருக்காது, ஆனால் தலைக்குக் கிடைத்த உணவு பத்து ஆண்டுக்கும் ஏறியிருக்கும். ஆகவே தலா என்று தொடங்கும் எந்தப் பத்தியின் தலைப்பிலும், எந்த ஆண்டில் வெளியான மக்கள்தொகை மதிப்பீட்டால் வகுத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். ஆண்டின் நடுவான ஜூலை 1 எண்ணா, ஆண்டு முடிவு எண்ணா என்பதையும்.